தைராய்டில் கட்டி என்று சொன்ன நாளிலிருந்து ரிசல்ட் வரும் நாள் வரை: முழுமையான வழிகாட்டி

கழுத்து வலிக்குத்தான் நான் எம்ஆர்ஐ எடுத்தேன். இருபது வருஷமாகத் தையல் மிஷின் முன்னால் குனிந்த கழுத்து. எலும்பு தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். தேய்ந்துதான் இருந்தது. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் நான் கேட்காத ஒன்றும் இருந்தது: தைராய்டின் வலது பக்கத்தில் ஒரு கட்டி, அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கவும்.

அன்றிலிருந்து தெளிவான பதில் கையில் கிடைக்க 11 வாரம் ஆனது. எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைப் பக்கம். ஒரு பரிசோதனை மார்த்தாண்டத்தில், ஒன்று நாகர்கோவிலில், இன்னொன்று கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்தில் என்று அலைந்தேன். அலைச்சலில் ஒன்று புரிந்தது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் தெரியும். ரத்தப் பரிசோதனையிடம் போய் "புற்றா?" என்று கேட்டால் அதற்குத் தெரியாது. ஸ்கேனுக்குச் சந்தேகப்படத் தெரியும், தீர்ப்புச் சொல்லத் தெரியாது. எதனிடம் எதைக் கேட்கலாம் என்று தெரியாமல்தான் நான் முதல் மாதம் முழுக்கத் தூக்கம் கெட்டேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் மருத்துவர் சொல்வதற்கு இது மாற்றும் இல்லை. அவர் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கானது.

படி 1: முதலில், அவசரமா இல்லையா என்று பாருங்கள்

சில அறிகுறிகள் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். கட்டி சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரிந்து பெருப்பது, குரல் கட்டிப்போய்த் திரும்பாமல் இருப்பது, மூச்சு விடும்போது இரைச்சல், சோறு தொண்டையில் இறங்காமல் நிற்பது, கட்டி கல் மாதிரி கெட்டியாக அசையாமல் இருப்பது, கழுத்தின் பக்கவாட்டில் வேறு நெறிக்கட்டிகள். சிறு வயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்திருந்தாலும், குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்று இருந்தாலும் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். குடும்பத்தில் இருந்தது 'மெடுல்லரி' என்ற வகை என்றால் கால்சிடோனின் என்ற தனி ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம்.

இவை எதுவும் இல்லையென்றால் வாரக்கணக்கில் நேரம் இருக்கிறது. இதை நம்புவதுதான் கஷ்டம், தெரியும். கையால் தடவிப் பார்த்தால் 100 பேரில் 4 முதல் 7 பேருக்குத்தான் கட்டி தெரியும். அதே ஆட்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தால், ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டாலும், 19 முதல் 68 பேருக்குத் தெரிகிறது. ஆக, கட்டி இருப்பது அதிசயமில்லை, பார்த்ததுதான் அதிசயம். அப்படித் தெரிகிற கட்டிகளில் புற்றாக இருப்பவை சுமார் 7 முதல் 15 சதவீதம்.

தென் கொரியாவில் நடந்தது நினைவில் வைக்க வேண்டிய விஷயம். அங்கே உடல்நலப் பரிசோதனையோடு சேர்த்துத் தைராய்டையும் ஸ்கேன் செய்யும் வழக்கம் பரவியது. 1993க்கும் 2011க்கும் இடையில், கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றின் விகிதம் 15 மடங்கானது. அதனால் இறந்தவர்களின் விகிதம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தேடத் தேடக் கிடைத்தவற்றில் பெரும்பகுதி, தேடாமல் விட்டிருந்தாலும் ஆளைத் தொந்தரவு செய்திருக்காது.

படி 2: ஒரு ஃபைல், ஒரு நோட்டு, இரண்டு பேர்

ஃபைலில் எல்லா ரிப்போர்ட்டும் தேதி வரிசையில் இருக்கட்டும். நோட்டில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் மூன்று வரி: எந்தக் கேள்விக்காக இது, ரிசல்ட் எந்தத் தேதியில் வரும், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். இந்த மூன்றாவது வரியை நான் முதலில் எழுதாமல் விட்டேன். அதன் விலையைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு பேருக்கு மட்டும் சொல்லுங்கள். ஒருவர் ஆஸ்பத்திரிக்குக் கூட வருபவர். இன்னொருவர் ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டாலும் எடுப்பவர். எனக்கு என் வீட்டுக்காரரும், என் மயினியும். மயினி நல்ல மனசோடுதான் ஞாயிறு ஆராதனைக்கு ஜெப விண்ணப்பச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பெயரைப் போட்டு, "கழுத்தில் கட்டி" என்றும் போட்டுவிட்டார். பலிபீடத்திலிருந்து வாசிக்கப்பட்ட அடுத்த வாரம், பிளவுஸ் அளவு கொடுக்க வந்த பெண்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் கழுத்தைப் பார்த்தார்கள். ஜெபம் வேண்டும்தான். "ஒரு சகோதரியின் சுகத்துக்காக" என்று எழுதினாலும் கர்த்தருக்குப் புரியும்.

எங்கள் பக்கம் இன்னொரு சங்கடம் உண்டு. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1981 முதல் இயங்கும் மண்டலப் புற்றுநோய் மையத்தை எல்லோரும் ஆர்சிசி என்பார்கள். "ஆர்சிசி போறா" என்று ஒரு சொல் பஸ்ஸில் விழுந்தால் போதும், ஊர் முடிவு கட்டிவிடும். சந்தேகத்தைத் தீர்க்கவும் அங்கே அனுப்புவார்கள். போகும் எல்லோரும் நோயோடு திரும்புவதில்லை.

படி 3: ரத்தப் பரிசோதனை

இதற்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்: சுரப்பி சரியாக வேலை செய்கிறதா? முதலில் பார்ப்பது டிஎஸ்எச், அதாவது தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன். பல லேப்களில் 0.4 முதல் 4 வரை இயல்பு என்று போட்டிருப்பார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவோடுதான் ஒப்பிட வேண்டும். டிஎஸ்எச் குறைவாக இருந்தால் கட்டியே ஹார்மோன் சுரக்கிறதா என்று பார்க்க, கொஞ்சம் கதிரியக்க மருந்து கொடுத்து எடுக்கும் ஐசோடோப் ஸ்கேன் எழுதுவார்கள். அப்படிச் சுரக்கும் 'சூடான' கட்டி புற்றாக இருப்பது மிக அபூர்வம். கர்ப்பமாக இருந்தால் அந்த ஸ்கேன் கூடாது; முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டிஎஸ்எச் இயல்பு என்று வந்ததும் நான் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவசரப்பட்டுவிட்டேன். தைராய்டு புற்று உள்ள பெரும்பாலோருக்கும் டிஎஸ்எச் இயல்பாகத்தான் இருக்கும். கேள்வியே வேறு.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். அது சில லேப் இயந்திரங்களை ஏமாற்றி, இல்லாத தைராய்டு கோளாறை ரிப்போர்ட்டில் காட்டிவிடும்.

படி 4: அல்ட்ராசவுண்ட், அப்புறம் அந்த எண்

ஸ்கேன் வலிக்காது. செயின், கம்மலைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மல்லாந்து படுக்க வைத்து, ஜெல் தடவி, கால் மணி நேரம் பார்ப்பார்கள். பார்க்கும் டாக்டரின் முகத்தைப் படிக்காதீர்கள். அவர் திரையைப் பார்த்துச் சுளித்ததை வைத்து நான் ஒரு வாரம் அழுதேன். பிறகுதான் தெரிந்தது, அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்ததாம்.

ஸ்கேனின் கேள்வி: ஊசி போட்டுப் பார்க்க வேண்டிய கட்டியா இது? அதற்காகத்தான் டிராட்ஸ் என்று ஒரு எண் கொடுக்கிறார்கள். கட்டி திடமா, நீர் நிறைந்ததா. சுற்றியுள்ள சதையை விடக் கறுப்பாகத் தெரிகிறதா. அகலத்தை விட உயரம் கூடுதலா. ஓரம் ஒழுங்காக இருக்கிறதா. உள்ளே பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளி இருக்கிறதா என்று ஐந்து விஷயத்துக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள். ஸ்பாஞ்ச் மாதிரி, அதாவது நம்ம ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தால் நல்லது. 2017இல் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்கள் வெளியிட்ட முறைப்படி, டிராட்ஸ் 3 என்றால் 2.5 சென்டிமீட்டரிலிருந்துதான் ஊசி. 4 என்றால் 1.5இலிருந்து, 5 என்றால் 1 சென்டிமீட்டரிலிருந்து. அதற்குச் சிறியதென்றால் கண்காணிப்பு, அல்லது அதுவும் வேண்டாம். வேறு சில முறைகளும் உண்டு. எண் கொஞ்சம் மாறும். உங்கள் ரிப்போர்ட் எந்த முறையில் என்று கேட்டுக்கொள்ளலாம்.

எனக்கு வந்தது டிராட்ஸ் 4, 18 மில்லிமீட்டர். கோட்டுப் பொத்தான் அளவு. வீட்டுக்காரர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஸ்கேன் சென்டர் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நாலா? நாலாம் ஸ்டேஜா?" என்று கேட்டார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். டிராட்ஸ் 4 என்பது ஸ்டேஜ் 4 இல்லை. டிராட்ஸ் வெறும் படத்தைப் பார்த்து வரும் சந்தேக அளவு. 4 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 5 முதல் 20 சதவீதத்துக்குள். ஊசிக்குப் பிறகு பெத்தஸ்டா என்று இன்னொரு எண் வரும். அது செல்லைப் பார்த்துச் சொல்வது. ஸ்டேஜ் என்பது புற்று என்று உறுதியான பிறகு மட்டும் வரும் மூன்றாவது எண். மூன்றுக்கும் உறவில்லை. இன்னொன்று: அதிகமாக வரும் பாப்பில்லரி, ஃபாலிக்குலர் வகைகளில் 55 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 மட்டும்தான் உண்டு. 3, 4 என்பதே அவர்கள் கணக்கில் கிடையாது.

படி 5: ஊசிப் பரிசோதனை

எஃப்என்ஏசி என்று எழுதியிருப்பார்கள். மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சில செல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்ப்பது. இப்போதுதான் "புற்றா?" என்ற கேள்வியையே கேட்கிறோம்.

எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வது: "கட்டியில ஊசி படக்கூடாது மக்களே, பரவிரும்." என் சித்தி சொன்னார், எதிர்வீட்டு மாமி சொன்னார், பால்காரர் கூடச் சொன்னார். இந்த மெல்லிய ஊசியால் தைராய்டு புற்று பரவுவது மிக மிக அபூர்வம். ஊசி போடாமல் சந்தேகத்தின் பேரில் கழுத்தைத் திறப்பதை விட இது எவ்வளவோ மேல்.

வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை. ஆஸ்பத்திரி வேறு மாதிரி சொன்னால் தவிர, இட்லி சாப்பிட்டுவிட்டே போங்கள். எக்கோஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போல ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்னதாகவே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். தோளுக்கு அடியில் தலையணை வைத்துக் கழுத்தை நிமிர்த்துவார்கள். ஊசி உள்ளே இருக்கும் அந்தச் சில வினாடிகளில் எச்சில் விழுங்கக் கூடாது, பேசக் கூடாது, இருமக் கூடாது. இருமல் வந்தால் கையைத் தூக்குவேன் என்று முன்பே சொல்லிவைத்துக்கொண்டேன். இரண்டு முதல் நான்கு முறை குத்துவார்கள். வலி, ரத்தம் எடுக்கும் வலிதான், பயம்தான் அதிகம். அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். இரண்டு நாள் கன்றிப்போய் நீலமாக இருக்கும், ஐஸ் ஒத்தடம் போதும். மூச்சுத் திணறினாலோ கழுத்து வேகமாக வீங்கினாலோ மட்டும் உடனே ஓட வேண்டும்.

கேட்க வேண்டிய ஒரு கேள்வி: ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி போடுவீர்களா? கையால் தடவிப் போடுவதை விட அப்படிப் போடும்போது போதுமான செல் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். என் முதல் முறையில் நான் கேட்கவில்லை.

படி 6: காத்திருக்கும் வாரங்கள்

முதல் ஊசிக்குப் பிறகு "ஒரு வாரத்தில் கூப்பிடுவோம்" என்றார்கள். கூப்பிடவில்லை. கெட்ட செய்தி என்பதால்தான் தயங்குகிறார்கள் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டு, ஒன்பது நாள் அதிகமாகக் காத்திருந்தேன். நேரில் போய்க் கேட்டால், என் போன் நம்பரில் ஒரு எண்ணை மாற்றி எழுதியிருந்தார்கள். ரிப்போர்ட் ஒன்பது நாளாக மேஜையில் கிடந்தது. அதில் என்ன இருந்தது? "போதிய செல் இல்லை, மறுபடி எடுக்கவும்."

அதனால் அந்த மூன்றாவது வரி. ரிசல்ட் தேதிக்கு மறுநாள் காலை நீங்களே போன் செய்யுங்கள். நம்பரை அவர்கள் எழுதும்போதே ஒருமுறை திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். செய்தி வராமல் இருப்பதற்கு அர்த்தம் கண்டுபிடிக்காதீர்கள்.

எல்லை தாண்டிப் போகிறவர்கள் மலையாளக் காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓணம் வாரத்தில் எதுவும் நகராது. மாசி மாதம் ஆற்றுக்கால் பொங்கல் அன்று திருவனந்தபுரத்துத் தெருவெல்லாம் அடுப்பு. ஊருக்குள் வண்டி போகாது. ஹர்த்தால் என்றால் நம்ம பஸ் களியக்காவிளையோடு நின்றுவிடும், மிச்சம் 30 சொச்சம் கிலோமீட்டரை யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். குழித்துறையில் ரயில் ஏறுவது எனக்கு வசதியாக இருந்தது. காப்பீட்டு அட்டை வைத்திருந்தால், அது எல்லைக்கு அந்தப் பக்கம் எந்த ஆஸ்பத்திரியில் செல்லும், வெறும் பரிசோதனைக்கும் செல்லுமா என்று முதல் பயணத்துக்கு முன்பே போனில் கேட்டுவிடுங்கள். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் முடிகிற வேலைக்குத் திருவனந்தபுரம் எதற்கு என்றும் ஒருமுறை யோசிக்கலாம்.

ஆஸ்பத்திரி மாறினால் ரிப்போர்ட் மட்டும் போதாது, ஸ்லைடையும் கேட்டு வாங்குங்கள். வேறு நோயியல் மருத்துவர் மறுபடி பார்க்கலாம். கண்ணாடித் தகடு, பிளாஸ்டிக் பெட்டி இல்லாமல் பஸ்ஸில் கொண்டுபோனால் தூள்தான்.

மொழி விஷயமும் உண்டு. திருவனந்தபுரத்து டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு "குழப்பமொன்னுமில்ல" என்றார். எங்களுக்குத் தெரியும், பிரச்சினை ஒன்றுமில்லை என்று அர்த்தம். கூட வந்த என் கொழுந்தன் திருநெல்வேலிப் பக்கம் வளர்ந்தவர். வெளியே வந்து, "என்ன குழப்பம்னு சொல்றாரு அண்ணி?" என்று கேட்டபோது அவர் கை நடுங்கியது. மலையாளம் புரியாதவர் என்றால் புரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். டாக்டர் சொன்னதை நோட்டில் எழுதி அவரிடமே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

அப்புறம் சாப்பாடு. மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளியை) விடு, முட்டைக்கோஸைத் தொடாதே என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். கிழங்கில் அயோடினைத் தடுக்கும் பொருள் உண்டு என்பது உண்மைதான். அது பிரச்சினையாவது, அயோடின் குறைவாக உள்ள இடத்தில் கிழங்கையே முக்கிய உணவாகச் சாப்பிடுபவர்களுக்கு. நாம் கிழங்கை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடுகிறோம், கூடவே மீன் குழம்பு, போடுவது அயோடின் உப்பு. கிழங்கை விட்டதால் கட்டி கரையாது. பட்டினி கிடந்தால் எரிச்சல்தான் மிச்சம். அயோடின் மாத்திரை, கடற்பாசிப் பொடி என்று நீங்களாக எதையும் தொடங்கவும் வேண்டாம். கூடுதல் அயோடினும் தைராய்டைக் கெடுக்கும். இயற்கையாகவே கதிர்வீச்சு உள்ள எங்கள் மணவாளக்குறிச்சிக் கருமணல்தான் காரணம் என்றும் ஒரு பேச்சு வரும். கேரளக் கரையில் கருநாகப்பள்ளியில் அதே மாதிரி மணல் மேல் வாழும் மக்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2009இல் வெளியானது. அந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்று கூடியதாக அதில் தெரியவில்லை.

வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் போய் எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டாம். கழுத்து வலிக்குப் போகிறேன் என்றாலும் முன்பக்கம் கை வைக்க விடாதீர்கள். நீங்களும் அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். நான் நாளுக்கு முப்பது தடவை தொட்டுத் தொட்டு அந்த இடமே வலிக்க ஆரம்பித்தது. வலிக்கிறதே என்று அதற்கும் ஒரு பயம். கட்டி தெரிகிறதா என்று கண்ணாடி முன் தண்ணீர் விழுங்கிப் பார்ப்பதை மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொண்டேன். அளவு நாடாவைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். நான் வைத்துக்கொண்ட இன்னொரு விதி: சாயங்காலம் ஆறிலிருந்து ஆறரை வரை மட்டும் இதைப் பற்றித் தேடலாம், பேசலாம், அழலாம். ஆறரைக்கு மேல் மயினி போன் செய்தாலும் புடவைப் பேச்சுதான். பாதி நாள் விதி உடைந்தது. மீதி நாள் தூங்கினேன்.

காத்திருப்பதால் முற்றிவிடுமோ? இதுதான் ராத்திரி கேள்வி. தைராய்டு புற்றில் மிக அதிகமாக வரும் பாப்பில்லரி வகை மெதுவாக நகர்வது. ஜப்பானில் கோபே நகரத்துக் குமா மருத்துவமனையில், 1 சென்டிமீட்டருக்குள் இருக்கும் பாப்பில்லரி புற்றை உறுதியான பிறகும் அறுக்காமல் கண்காணிக்கும் முறையை 1993இல் தொடங்கினார்கள். அந்த முறை இன்று பல நாடுகளில் இருக்கிறது. உறுதியான புற்றுக்கே அப்படி என்றால், படி 1இல் சொன்ன அறிகுறி இல்லாத சந்தேகத்துக்கு நாலு வாரம் பெரிய விஷயமில்லை.

படி 7: பெத்தஸ்டா எண்ணைப் படிப்பது

அமெரிக்காவில் பெத்தஸ்டா என்ற ஊரில் 2007இல் கூடி வகுத்த முறை. 2023இல் மூன்றாம் பதிப்பு வந்தது. ஆறு பிரிவு. 1 என்றால் போதிய செல் இல்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, மறுபடி ஊசி. 2 என்றால் சாதாரணக் கட்டி. அறுத்துப் பார்த்தவர்களில் புற்றாக இருந்தது சுமார் 4 சதவீதம். 6 என்றால் 97 சதவீதம் புற்று, 5 என்றால் 74. இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் அறுவை சிகிச்சைப் பேச்சுதான்.

மனசைப் படுத்துவது நடுவில் இருக்கும் 3, 4. 3க்குச் சுமார் 22 சதவீதம், 4க்கு 30. ஊசி "தெரியவில்லை" என்று சொல்லும் இடம் இது. 4இல் ஏன் தெரியாது என்றால், ஃபாலிக்குலர் வகையில் செல் எப்படி இருக்கிறது என்பதை வைத்துப் பிரிக்க முடியாது; கட்டியின் உறையைத் தாண்டி வெளியே போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்குக் கட்டியே வேண்டும். அதனால்தான் தைராய்டின் ஒரு பக்க மடலை மட்டும் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். 3க்குப் பெரும்பாலும் மறுபடி ஊசி, அல்லது கண்காணிப்பு. அறுவை என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: பாதியா முழுசா, குரல் நரம்புக்கு என்ன ஆபத்து, நீங்கள் வருஷத்துக்கு எத்தனை தைராய்டு செய்கிறீர்கள்? மூன்றாவது கேள்வியைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார்.

படி 8: சாதாரணக் கட்டி என்று வந்த பிறகு

இரண்டாவது ஊசி, ஸ்கேன் பார்த்துக்கொண்டே போட்டது, எனக்கு பெத்தஸ்டா 2 என்று வந்தது. அதோடு முடியவில்லை, டிராட்ஸ் 4 என்பதால் 12 மாதம் கழித்து மறுபடி அல்ட்ராசவுண்ட். முடிந்தால் அதே சென்டரில், பழைய படத்தையும் கையில் கொண்டுபோய். ஒரு மில்லிமீட்டர் கூடியிருந்தால் அது வளர்ச்சி இல்லை, அளப்பதில் வரும் வித்தியாசம். ஒரே பிளவுஸை இரண்டு பேர் அளந்தால் வருவது போல. குறைந்தது இரண்டு பக்க அளவுகள் 20 சதவீதமும் 2 மில்லிமீட்டரும் கூடினால்தான் மறுபடி யோசிப்பார்கள்.

என் 12 மாதம் சரியாக ஓணத்தில் முடிகிறது. ஓணம் கழிந்து அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு டோக்கன் போட்டிருக்கிறேன். நோட்டில் மூன்று வரியும் எழுதியாயிற்று. ஜெபச் சீட்டை இந்த முறை நானே எழுதுகிறேன் என்று மயினியிடம் சொல்லிவிட்டேன்.